காதைத் தொட்டால் ஆமாம்

அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு பாஷை இருந்தது. மொத்தம் மூன்றே சொற்கள், மூன்றையும் கையால்தான் பேச வேண்டும். காதைத் தொட்டால் ‘ஆமாம்’ என்று சொல். மூக்கைத் தொட்டால் ‘இல்லை’ என்று சொல். இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்தால் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்டுபிடித்தவள் அம்மா. கையைப் பார்த்துப் பதில் சொன்னவள் சின்னவள். அம்மா போன பிறகு கைகாட்டும் உத்தியோகம் பெரியவள் தலையில் வந்து விழுந்தது.

அக்காள் தங்கை இருவரையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பெரியவள், சின்னவள் என்று. பெரியவளுக்கு நாற்பத்தாறு வயது, சின்னவளுக்கு முப்பத்தாறு. சின்னவளைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. படிய வாரிய தலையும் துவைத்த துணியுமாக வந்து உட்கார்ந்து, கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் புன்னகைக்கிற பெண்ணிடம் என்ன குறையைக் கண்டுபிடிப்பது? ‘அமரிக்கையான பொண்ணு’ என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சர்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாது, அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்க ஞாபகம் வராது என்பதெல்லாம் வீட்டு நாலு சுவருக்குள்ளேயே இருந்தது.

சின்னவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் ஒருத்தி அவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்து, ‘இந்த மக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிக்காவிட்டால் இப்படித்தான் ஆவீர்கள்’ என்று வகுப்புக்கே காட்டியிருக்கிறாள். அவள் எல்லாம் ஒரு டீச்சர்! அன்று போய்ப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த அம்மா, திரும்ப அனுப்பவே இல்லை. டாக்டரிடம் காட்டியிருக்கலாம், வேறு பள்ளிக்கூடம் தேடியிருக்கலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். காட்டினால் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், சாகிற வரைக்கும் அந்தப் பெயர் பிள்ளையை விடாது என்று அம்மா பயந்தாள். அந்தப் பயத்தில்தான் சைகைகள் பிறந்தன. அதோடு அந்த வீட்டில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு இடம் இல்லாமல் போயிற்று. சின்னவள் வாய் தவறி யார் எதிரிலாவது ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால் அம்மா திட்டமாட்டாள், அடிக்கமாட்டாள். உள்ளே போய் அழுவாள். அடியைவிட அது நன்றாக வேலை செய்தது.

ஒரே ஒரு தடவை குட்டு வெளிப்படப் பார்த்தது. சித்தி வந்திருந்த அன்று அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். அம்மா நொடிக்கொரு தரம் மூக்கைத் துடைக்க, சின்னவள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போனாள். சாப்பிட்டாயா? இல்லை. ராத்திரி தூங்கினாயா? இல்லை. அம்மா உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா? இல்லை. சித்தி அன்று அம்மாவைப் பார்த்த பார்வையை நினைத்து நினைத்து மூன்று பேரும் பிற்பாடு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சின்னவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

யாராவது வந்துவிட்டுப் போனதும் சின்னவள் தவறாமல் ஒன்று கேட்பாள். ‘நான் சரியா சொன்னேனா?’ அம்மா காதைத் தொட்டுக் காட்டுவாள். அதோடு அன்றைய பாடு முடியும்.

அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையை எடுத்துக்கொண்டு, ‘ரெண்டு நாள்ல வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவில்லை.

அதற்குப் பிறகு பெரியவள் தான் வேலை பார்த்த ஹோட்டல் லாண்டரிக்கே தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கும் ஒரு காலத்தில் வந்தது. ‘தங்கச்சியும் என்கூடத்தான் இருப்பா’ என்றதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஆகவே அவளுக்கு லாண்டரி, வீடு, தங்கை, இவ்வளவுதான் உலகம்.

லாண்டரியில் சின்னவளுக்கு நல்ல பெயர். பெட்ஷீட் மடிப்பது இரண்டு ஆள் வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓங்கி உதறி, விறைப்பாக இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பெரியவள் கை என்ன செய்கிறதோ அதையே சின்னவள் கை எதிரில் செய்யும். இரண்டு பேரும் மடிக்கிற வேகத்தைப் பார்த்து லாண்டரி மேனேஜர் மெஷினே தேவையில்லை என்பார். எதிரில் வேறு ஆள் நின்றால் மட்டும் ஷீட் தரையில் கிடக்கும். அந்தச் சங்கதி மேனேஜருக்குத் தெரியாது. பெரியவள் இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

இப்போது போட வேண்டியிருந்தது. பெரியவள் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போய்ப் போய், ஒரு நாள் ஈரத்துணிக் கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டியை எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆபரேஷனை ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு தடவை தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று அவர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். சின்னவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அம்மா எடுத்துக்கொண்டு போன பை ஞாபகம் வந்துவிடும்.

தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இவளை யார் பார்த்துக்கொள்வது? பெரியவளுக்கு அந்தக் கேள்வி ஒன்றுதான். கட்டியைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கவலைப்படவில்லை. சித்தியிடம் போனில் கேட்டாள். ‘அவ அமரிக்கையான பொண்ணாச்சே, தனியாவே இருந்துக்குவாளே’ என்றாள் சித்தி. பக்கத்து வீட்டுக்காரியும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். முப்பது வருஷமாக அம்மாவும் மகளும் பூசி மெழுகியது அவ்வளவு கச்சிதம். யாரும் நம்பத் தயாராக இல்லை. அக்கா இல்லாத வீட்டில் எரிகிற அடுப்பு முன்னால் சின்னவள் நிற்கிற மாதிரி கண்முன் வந்து வந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் உதவி தேடிக் கிளம்பினாள். குழந்தைகள் பிரிவில், ‘பதினெட்டு வயசுக்கு மேல நாங்க பாக்கறதில்லை’ என்றார்கள். மனநலப் பிரிவில், இது நோய் இல்லை, இங்கே வரக் கூடாது என்றார்கள். நலத்துறை அலுவலகத்தில் ஒருவர் சின்னவளை ஏற இறங்கப் பார்த்து, இவங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்காங்க என்றார். சின்னவள் அதற்கும் புன்னகை செய்தாள். ஒருவர் கையைக் காட்ட இன்னொருவரிடம், அவர் காட்ட வேறொருவரிடம் என்று கால் தேய நடந்த பிறகு, பெரியவர்களையும் சோதித்துப் பார்க்கிற மையம் ஒன்று இருப்பதாக ஒரு நர்ஸ் சொன்னாள். அங்கே சோதித்து, ஆமாம், இவருக்குத் துணை தேவை என்று சொன்னால், வீட்டுக்கு வந்து கூட இருக்கிற உதவியாளர் கிடைப்பாராம். பகலில் போய் இருந்து வேலை கற்றுக்கொள்கிற இடமும் கிடைக்குமாம். அங்கே தேதி கிடைப்பதற்குள் பெரியவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிடைத்த தேதி ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான்.

மையத்தில் அவர்களைக் கூப்பிட்டது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனோதத்துவ நிபுணர். கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். சின்னவள் வெளியே வருவதற்குள் அவருக்குக் கண்ணாடி மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள். அறையில் ஒரு வட்ட மேஜை, மூன்று நாற்காலி, மரக்கட்டைகள் போட்ட டப்பா, முள்ளைக் கையால் நகர்த்துகிற அட்டைக் கடிகாரம். பெரியவளின் பார்வை அந்தக் கடிகாரத்திலேயே போய் நின்றது.

கண்ணாடி மேடம் நல்ல மனுஷி. அதுதான் வினையாகப் போயிற்று. அவர் பெரியவளைப் பார்க்காமல் நேரே சின்னவளைப் பார்த்து, ‘நீங்க’ என்று மரியாதையாகப் பேசினார். கடைக்குத் தனியாகப் போவீர்களா என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றாள் சின்னவள். பெரியவள் திடுக்கிட்டு, அவள் எங்கே போனாள், வாசலைத் தாண்டினால் வழி தெரியாதே என்று சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி மேடம் பெரியவள் பக்கம் திரும்பித் தன்மையாகத்தான் சொன்னார்.

“அவங்களே சொல்லட்டும்மா. இங்க கூட வர்றவங்க எல்லாருமே அவங்களுக்குப் பதிலா பேசிடறாங்க. அவங்க குரலை யாருமே கேக்கறதில்லை.”

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். கேள்விகள் தொடர்ந்தன. சமைப்பீர்களா? ஆமாம். கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் பார்ப்பீர்களா? ஆமாம். தெரியாத ஆள் கதவைத் தட்டினால் திறந்துவிடுவீர்களா? இல்லை. ஒன்றுக்கும் தடுமாற்றம் இல்லை. இவளுக்கு என்ன ஆயிற்று, யார் இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பெரியவள் வியந்துபோனாள். மேடம் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் கூச்ச சுபாவம் போலிருக்கிறது, ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார் என்றார்.

அப்போதுதான் பெரியவள் தன் வலது கையைக் கவனித்தாள். அது மூக்கு நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாயை அடக்கியவள் கையை அடக்கவில்லை. நாலு பேர் எதிரில் தங்கையிடம் கேள்வி கேட்டால் கை தானாக எழுந்துவிடும். அது அவள் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. சரியான பதில் எதுவோ, ஊர் எதைக் கேட்டால் சந்தோஷப்படுமோ, அதைக் கை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் எப்படி உடைப்பது? சின்னவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவளுக்கு ஒன்றும் தெரியாது மேடம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றா? அந்தச் சொல்லை அவள் காதில் விழாமல் காப்பாற்றத்தானே அம்மா உயிரைக் கொடுத்தாள். பெரியவள் மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு தடவை வர வேண்டும், சில பயிற்சிகள் செய்து பார்க்க வேண்டும் என்றார் மேடம். ஆனாலும் இன்று பார்த்த வரைக்கும் தங்கை நன்றாகவே சமாளிக்கிறார், வீட்டோடு துணை கொடுக்கச் சொல்லி எழுதுவது கஷ்டம் என்றார். அடுத்த வாரம் ஒரு நாள் வரச் சொன்னார். அது ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னவள் அக்காவின் தோளை இடித்தாள்.

“நான் சரியா சொன்னேனா?”

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதைத் தொட்டாள்.

மறுநாள் லாண்டரியில் துணி அடுக்குகிற அறைக்குள் தங்கையை உட்காரவைத்து, பெரியவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புதுப் பாடத்தை ஆரம்பித்தாள். கண்ணாடி மேடம் கேட்பது தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், தப்பில்லை என்றாள். சின்னவள் முதலில் சிரித்தாள், அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்று. அக்கா சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

“நான் அப்படி சொல்ல மாட்டேன். அம்மா அழுவா.”

“அம்மா இப்ப இல்லடி.”

“இல்லைன்னாலும் அழுவா.”

அம்மா கொடுத்த வேலையை இத்தனை சுத்தமாகச் செய்கிறவளைப் போய் எப்படித் தப்பாகச் செய் என்று சொல்வது? அன்றைக்கு அவர்கள் மடித்த ஷீட்டுகளில் மூன்று கோணலாக இருந்தன, மேனேஜர் வந்து எடுத்துக் காட்டினார். கோணல் பெரியவள் பக்கத்தில்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னவள் தூங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் பையில் துணி எடுத்து வைத்தாள். வைத்த பையைத் துணி பீரோவுக்கு அடியில் தள்ளினாள். மேடத்துக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். ஏமாற்றுக்காரி என்று நினைத்து இரண்டு பேரையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டால்? கடைசியில் அவளுக்குத் தோன்றிய ஒரே வழி, கையைக் கட்டிப்போடுவது. கை சும்மா இருந்தால் சின்னவள் தானாகத் தடுமாறுவாள். தடுமாறினால் உதவி கிடைக்கும். தங்கை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்த மையத்துப் படி ஏறினாள் பெரியவள். அப்படி வேண்டிக்கொள்ளும்போது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

உள்ளே போனதும் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதற்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டாள். கண்ணாடி மேடம் அட்டைக் கடிகாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, முள்ளை நகர்த்தி, மணி என்ன என்று கேட்டார்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் முகத்தையல்ல, கை இருக்க வேண்டிய இடத்தை. அங்கே பைதான் இருந்தது. மேடம் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டார். சின்னவள் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். நெற்றி வியர்த்தது. சிரித்துப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பவும் பையைப் பார்த்தாள். அவளுடைய உதடு நடுங்குவதைப் பார்த்துப் பெரியவளின் விரல்கள் பைக்கு அடியில் புழுவாக நெளிந்தன. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவள் பையைத் தூக்கி எறிந்திருப்பாள்.

“அக்கா, கை.”

பெரியவள் பையை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, கையைக் காணோம். கைய வெளிய எடு.”

கண்ணாடி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அக்காவின் கை எதற்கு என்று சின்னவளிடமே கேட்டார். சின்னவளுக்கு மூச்சு வந்தது. இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும்! நிமிர்ந்து உட்கார்ந்து, காதைத் தொட்டுக் காட்டி, இது ஆமாம் என்றாள். மூக்கைத் தொட்டு, இது இல்லை என்றாள். கைகளைக் கோத்து மடியில் வைத்து, இப்படி வைத்தால் சிரிக்க வேண்டும் என்று சொல்லி, எப்படி என்று சிரித்தும் காட்டினாள். மேடத்துக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று மூன்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து செய்தாள். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள், இப்போது அக்கா காட்டுகிறாள், நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்றாள். சொல்லிவிட்டு, ஜலதோஷம் பிடித்த அன்று மட்டும்தான் தப்பு, ஆனால் அது என் தப்பு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பெரியவளுக்கு முகம் பற்றி எரிந்தது. முப்பது வருஷம் யாரிடமும் மூச்சு விடாத சங்கதியை இவள் ஒரு நிமிஷத்தில், அதுவும் பெருமையாக, மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டாள். மேடம் திட்டப்போகிறார், எழுந்து போங்கள் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். மேடம் பழைய குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, போன வாரமே அக்காவைப் பேசவிட்டிருக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்றார். அதற்குப் பிறகு நாற்காலியைச் சின்னவளின் முதுகுப் பக்கம் போட்டுப் பெரியவளை உட்காரச் சொன்னார்.

“வெளிய போக வேண்டாம். நீங்க பின்னால இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியட்டும். கை மட்டும் தெரிய வேண்டாம்.”

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவள் தங்கையின் பின்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். காலையில் அவளே பின்னிவிட்ட பின்னல். மணி என்ன என்றதற்குச் சின்னவள் பன்னிரண்டு என்றாள். முள்ளை மாற்றி வைத்தபோதும் பன்னிரண்டுதான். கதைப் படங்களை நடந்த வரிசையில் அடுக்கச் சொன்னபோது அழகான படத்தை முதலில் வைத்தாள். தெரியாத ஆள் வந்து அக்கா கூப்பிடுகிறாள் என்று சொன்னால் கூடப் போவீர்களா என்று கேட்டதற்கு, ‘அக்கா கூப்பிட்டா போகணும் இல்ல?’ என்றாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தப்பான பதிலும் உதவியை ஒரு படி கிட்டே கொண்டுவருகிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு வலித்தது. இதற்காகவா அம்மா அத்தனை பாடுபட்டாள் என்று ஒரு கோபம், இதையெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு யாராவது கேட்டிருந்தால் இவள் இன்று எதையெல்லாம் கற்றுக்கொண்டிருப்பாள் என்று இன்னொரு கோபம். இரண்டும் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மரக்கட்டைகளை மட்டும் சின்னவள் அசத்திவிட்டாள். மேடம் தன் பக்கம் ஒரு வடிவத்தைக் கட்டக் கட்ட, இவள் எதிரில் அதையே அப்படியே கட்டினாள். மேடம் வேண்டுமென்றே வேகமாகக் கட்டிப் பார்த்தார். இவளும் வேகமாகக் கட்டினாள். செய்து காட்டினால் இவர் எதையும் பிடித்துக்கொள்வார் போலிருக்கிறதே என்று மேடம் சொன்னபோது பெரியவளுக்கு ஷீட் மடிப்பது ஞாபகம் வந்தது.

கேள்விகள் கடைசியாகச் சமையலறைக்கு வந்தன. வீட்டில் கேஸ் வாசனை வந்தால் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார்.

“அக்காவைக் கூப்பிடுவேன்.”

“அக்கா வீட்ல இல்லைன்னா?”

“அக்கா இருப்பா.”

“ஒருவேளை இல்லைன்னா?”

சின்னவளின் பின்னல் ஆடியது. நாற்காலியோடு சேர்த்துத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தாள்.

“நீ ஆஸ்பத்திரிக்குப் போறே இல்ல, அப்பவா?”

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னவளே சொன்னாள், பீரோவுக்கு அடியில் பை இருக்கிறது என்று. அம்மா கொண்டுபோன அதே பை. பெரியவளுக்கு வீட்டில் வேறு பை கிடைக்கவில்லை.

“அம்மா மாதிரி இல்லாம, நீ திரும்பி வந்துடுவியா?”

கேட்டுவிட்டுச் சின்னவள் பார்வையைக் கீழே இறக்கி அக்காவின் கைகளைப் பார்த்தாள். கைகள் இப்போது மடியிலிருந்த கைப்பைக்கு மேல்தான் கிடந்தன. காதைத் தொட்டால் போதும், வருவேன் என்று ஆகிவிடும். அம்மாவாக இருந்தால் தொட்டிருப்பாள். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றுதானே அவளும் சொல்லிவிட்டுப் போனாள்? பெரியவளின் கை எழுந்தது. பாதி தூரம் போனது. காதில் இருக்கிறது ஆமாம், மூக்கில் இருக்கிறது இல்லை, டாக்டர் சொன்ன பதில் இந்த இரண்டிலும் இல்லை. அதற்கு அம்மா எந்தச் சைகையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

கையைத் திரும்ப மடியில் போட்டாள்.

“தெரியாது” என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. “வயித்துல ஒரு கட்டி. எடுத்துடுவாங்க. வந்துடுவேன்னுதான் நினைக்கிறேன். ஆனா நிச்சயமா எனக்கே தெரியாதுடி. பயமா இருக்கு.”

சின்னவள் அக்காவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள், இனிமேல் ஒரு பதிலும் வராது என்று பெரியவள் நினைத்தாள். சின்னவள் கையை நீட்டி அக்காவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். அம்மா உள்ளே போய் அழுகிறபோது போய்த் தட்டிக்கொடுப்பாளே, அதே மாதிரி.

கண்ணாடி மேடம் சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு பெண் வந்து வீட்டில் கூட இருப்பார். அடுப்பு, கதவு, பஸ் எல்லாம் செய்து காட்டிச் சொல்லிக்கொடுப்பார். அக்கா வந்த பிறகும் வருவார். அவசரம் என்று எழுதி நாளைக்கே ஆளுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் வீடு சின்னவளுடையதும்தான், அவள் சரி என்று சொன்னால்தான் அந்தப் பெண் வர முடியும்.

பெரியவள் தங்கையின் பின்னலையே பார்த்தாள். இவள் இப்போது ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. நாற்காலி பின்னால் இருந்தது, சின்னவள் முன்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கையைக் காட்டினாலும் தெரியாது.

“அவங்களுக்கு பெட்ஷீட் மடிக்கத் தெரியுமா?” என்று கேட்டாள் சின்னவள்.

“எனக்குத் தெரியாதே” என்றார் மேடம்.

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அழவும் இல்லை. சின்னவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மேஜை மேல் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டே சின்னவள் யோசித்தாள்.

“அவங்க வந்தா எனக்குப் பிடிக்குமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, “தெரியாது” என்றாள். சொன்ன பிறகு ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். வாசலில் யாரும் அழவில்லை. “வரட்டும். பாக்கலாம்.”

மேடம் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் பண்ணுவார், இரண்டு பேருமே பேசுங்கள் என்றார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. சின்னவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அக்காவின் தோளை இடித்தாள்.

“நான் சரியா சொன்னேனா?”

சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். அதை விட்டுவிட்டு, தங்கையின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, அவள் பார்க்கிற மாதிரி காதைத் தொட்டாள்.